பதிலிக்குச் சொல்லாதது

என் சம்மதத்தை என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் அரசாங்கத்துக்கு இல்லை. அதற்கென்று மாவட்ட ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் என் பதிலி இருக்கிறது. ஒரு சின்ன அறை, ஒரு மேசை, சுவரில் ஓர் ஒலிபெருக்கி. அங்கே போய் அமலோற்பவம் என்று பெயரைச் சொன்னால் என் குரலில் "சொல்லுங்க" என்று கேட்கும்.

பதிலியைக் கொண்டுவந்ததே எங்களைப் போன்றவர்களுக்காகத்தான். அதற்கு முன்னால், மனநோய் என்று ஒருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் புருஷன் கையெழுத்துப் போடலாம், அண்ணன் தம்பி போடலாம், அவர்கள் ஊரில் இல்லையென்றால் சித்தப்பா மகன் போடலாம். நோயாளியைத் தவிர யார் வேண்டுமானாலும் போடலாம். அதை எதிர்த்து நாங்கள் ஊர்வலம் போனோம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தோம். கடைசியில் சட்டம் வந்தது. நாம் நன்றாக இருக்கும்போதே நம்மை உட்கார வைத்துப் பல நாட்கள் பேச விடுவார்கள். யாரை நம்புவாய், எதற்குப் பயப்படுவாய், கட்டிப்போட்டால் என்ன செய்வாய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதில் யாரிடம் அடி வாங்கினாய். அதையெல்லாம் வைத்து ஒரு யந்திரம் நம்மைப் போலவே பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும். பின்னால் நோய் முற்றி, நாம் பேசுவது நமக்கே புரியாமல் போகிறபோது டாக்டர் அதனிடம் கேட்பார். அது சொன்னால் நாமே சொன்ன மாதிரி. சட்டம் நிறைவேறிய அன்று நான் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். அந்த மிட்டாயைத் திருப்பி வாங்க முடியுமென்றால் இப்போது வாங்கிவிடுவேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. டீசல் போய்ப் படகுகளெல்லாம் பேட்டரிக்கு மாறிய பிறகு எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் பேட்டரி மாற்றும் நிலையம் வந்தது. அங்கே வேலை பார்க்கிறேன். பக்கத்துச் சந்தில் தனியாக ஓர் அறை எடுத்திருக்கிறேன். கடைசியாக வார்டில் கிடந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் கோமதிநாயகம் கூப்பிட்டனுப்பினார். போனால், என் தம்பி இன்னாசி எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தான்.

"தம்பி வடக்க காண்ட்லா துறைமுகத்துக்கு மாற்றலாகிப் போறாரு" என்றார் டாக்டர். "உங்களை அமைதி வளாகத்துல சேக்கணும்னு மனு குடுத்திருக்காரு. நாங்க வழக்கம்போல பதிலிகிட்ட கேட்டோம். சம்மதம்னு சொல்லிட்டுது."

"நான் சொல்லலியே சார்."

"பதிலி சொல்லியிருக்கு."

"இந்தா, முன்னால நான் உக்காந்திருக்கேன். வேலைக்குப் போறேன், மாத்திர சாப்புடுதேன், ராத்திரி தூங்குதேன். என்கிட்ட கேளுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க நல்லா இருக்கீங்களான்னு நாங்க எப்படி முடிவு பண்றோம்? உங்க பேச்சு பதிலியோட பேச்சோட ஒத்துப்போகுதான்னு பாத்துதான். நல்லா இருந்தப்போ நீங்க எப்படி இருந்தீங்கன்னு அதுக்குத்தானே தெரியும். இப்ப அது சரிங்குது, நீங்க மாட்டேங்கிறீங்க. விலகல் கூடிப்போச்சு. விலகல் கூடினா நோய் திரும்புதுன்னு அர்த்தம்."

"அப்ப நான் சரின்னா நல்லா இருக்கேன். மாட்டேன்னா நோயாளி."

"அப்படிப் பச்சையா சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்ல?"

கோமதிநாயகம் கெட்டவர் இல்லை. ஒருமுறை என்னைக் கட்ட வந்த ஆட்களைச் சத்தம் போட்டு விரட்டியவர். ஆனால் விதி என்று ஒன்று எழுதிவிட்டால் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற ரகம்.

அமைதி வளாகத்தில் நான் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்திருக்கிறேன். யாரும் அடிக்க மாட்டார்கள். கட்டில் சுத்தம், சாப்பாடு நல்ல சாப்பாடு. வாசல் கதவு மட்டும் பூட்டியே இருக்கும். எப்போது குளிக்க வேண்டும், எப்போது படுக்க வேண்டும், ஜன்னலைத் திறக்கலாமா என்பதையெல்லாம் அவர்கள் சொல்வார்கள். வெளியே வந்த பிறகு ரோட்டைக் கடக்கக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் "போகட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தை விட எனக்குப் பல மாதம் பிடித்தது. இன்னொரு முறை உள்ளே போனால் விடமுடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"யக்கா, என்னயக் கொல்லுத மாதிரி பாக்காத" என்றான் இன்னாசி. "நான் அங்க போயிட்டா ஒன்னய யாரு பாப்பா? ஒனக்கு ஒண்ணுன்னா யாரு எனக்குச் சொல்லுவா? அன்னைக்கு அந்தப் பாறைக்கு மேல நின்ன ஒன்னய இழுத்துட்டு வந்தது நான். இப்பவும் தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா எனக்கு நெஞ்சு அடைக்கி."

அது உண்மைதான். அலைதடுப்புப் பாறையிலிருந்து என்னை இழுத்து வந்ததில் அவன் முழங்காலில் பட்ட காயத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் அவன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல் எனக்கு எரிச்சலாக வந்தது.

"பதிலி குழப்பமே இல்லாம பேசியிருக்கு அமலி" என்றார் டாக்டர். "எப்பக் கேட்டாலும் ஒரே பதில்தான். 'அப்பா என்ன சொல்லுதாங்களோ அதுக்கு நான் சம்மதம்.' வார்த்தை மாறலை."

நான் இன்னாசியைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"எங்க அப்பா எறந்து ஒம்பது வருஷம் ஆகுது சார்."

"தெரியும். அப்பா இல்லாதப்போ அந்த இடம் அடுத்த உறவுக்குப் போகும். தம்பி."

"அப்பா இல்லங்கது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மனசைப் பாதிக்கிற எதையும் பதிலிகிட்ட சொல்லக்கூடாதுன்னு விதி. சொன்னா அதோட நிலை கெட்டுரும், அப்புறம் அது நல்லா இருந்தப்போ உள்ள நீங்க இல்ல. அதனால, உங்க வீட்ல இப்படி விரும்புறாங்க, சம்மதமான்னு மட்டும் கேப்போம்."

"வீட்லன்னா அது அப்பான்னுல்லா நெனைக்கும்!"

டாக்டர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த வாரம் மறுஆய்வு வாரியம் கூடும், நீங்கள் ஆட்சேபம் சொல்லலாம், கூட ஒருவரை அழைத்து வரலாம் என்று மட்டும் சொன்னார்.

பதிலியைப் பதிவு செய்தபோது எனக்கு இருபத்தொன்பது. புருஷன் விட்டுவிட்டுப் போன புதிது. அப்போது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மாத்திரை வாங்குவது எல்லாம் அப்பாதான். வார்டு வாசல் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கட்டுகிற பட்டையோடு யாராவது வந்தால் எழுந்து கதவை மறித்துக்கொண்டு நிற்பார். மிக்கேல் என்றால் அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா சொல்வதே என் சம்மதம் என்று நான் சொன்னது அந்த மனுஷரை வைத்துத்தான். அதைத் தூக்கி இன்னாசி தலையில் வைப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

புதன்கிழமை மத்தியானம் நேராகக் கூட்டத்துக்குப் போனேன். மூடிப்போன ஐஸ் கம்பெனியின் மாடியில் நாங்கள் கூடுகிறோம். எல்லோரும் ஏதாவது ஒரு காலத்தில் வார்டு பார்த்தவர்கள். பலகை கிடையாது, பதிவு கிடையாது, புதன்கூட்டம் என்று சொல்லிக்கொள்வோம். ஒருத்தர் வீட்டுச் சாவி இன்னொருத்தரிடம் இருக்கும். யாருக்கு நோய் எப்படித் தொடங்கும் என்பது மற்றவர்களுக்கு மனப்பாடம். எனக்குத் தொடங்கினால் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்ப்பேன், தேய்த்ததையே மறுபடியும் தேய்ப்பேன். அதைப் பார்த்த அன்றைக்கே ராவியத் அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இரண்டு தடவை அப்படித்தான் வார்டுக்குப் போகாமல் தப்பித்தேன்.

கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விட்டதைச் சொல்வது என்போம். வார்டிலிருந்து திரும்பியவரை நடுவில் உட்கார வைத்து, அவர் இல்லாத காலத்தில் நடந்த அத்தனையையும் வரிசையாகச் சொல்லவேண்டும். யார் செத்தார், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, நீ தெருவில் நின்று யாரை என்ன வார்த்தை சொன்னாய், எல்லாம். மெழுகிச் சொல்லக்கூடாது. சொல்லி முடிக்கும்வரை டீ வராது.

அந்த வழக்கம் வந்ததே என்னால். நான் வார்டில் இருந்தபோது அப்பா இறந்துபோனார். மனசு தாங்காது, இன்னும் மோசமாகிவிடும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அப்பா நன்றாக இருக்கிறார் என்றார்கள். முப்பதாம் நாள் பூசையெல்லாம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கினால், இந்த ஐஸ் கம்பெனிச் சுவரில் மழையில் ஊறிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. அதில் அப்பாவின் முகம், பாதி கிழிந்து. எந்த யந்திரம் வந்தாலும் எங்கள் ஊரில் சுவரொட்டி மட்டும் நிற்காது. அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னது ராவியத் அக்காதான்.

அவள் வக்கீல். நோய் வந்த செய்தி பரவியதும் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது எங்கள் வழக்குகளை மட்டும் பார்க்கிறாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது இதுதான்.

"அப்ப, ஒன் பதிலிக்கு விட்டத யாரு சொன்னா?"

"அது மெஷின்க்கா."

"மெஷின்னு நீ சொல்லுத. சட்டம் அத அமலோற்பவம்னு சொல்லுது. அதான நமக்குப் பிரச்சன? அப்ப அமலோற்பவத்துக்கு உள்ள உரிம எல்லாம் அதுக்கும் உண்டு. முழு வெவரமும் தெரிஞ்ச பெறவு குடுத்தாதான் சம்மதம். அப்பன் செத்தது தெரியாம, அப்பன் சொல்லுதான்னு நெனச்சுக் குடுத்தது எப்படிட்டி சம்மதமாவும்? அந்தப் பதில மாத்துங்கன்னு நம்ம கேக்க வேண்டாம். அப்பன் செத்தத அதுக்குச் சொல்லுங்கன்னு கேப்போம்."

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷமே பதிலியை நினைத்துக்கொண்டேன். அந்த அறைக்குள் இருப்பது என் இருபத்தொன்பது வயசு. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பது. சுவரொட்டிக்கு முன்னால் நான் எப்படி நின்றேனோ அப்படித்தான் அதுவும் நிற்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும்.

"வேண்டாம்க்கா" என்றேன். "பாவம். அது தாங்காது. வேற வழி ஏதாவது பாப்போம்."

ராவியத் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒன் தம்பி ஒம்பது வருஷத்துக்கு முன்னால இதத்தாண்டி சொன்னான்" என்றாள்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மனுவை எழுதுக்கா என்றேன்.

வாரியத்தின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கஞ்சி போட்ட சேலை, அளந்து பேசுகிற அம்மா. பதிலி அறையிலேயே எல்லோரையும் உட்கார வைத்தார். ஒரு பக்கம் நானும் ராவியத் அக்காவும். எதிர்ப்பக்கம் இன்னாசி. நடுவில் டாக்டர், கையில் பதிலியின் நிலையைக் காட்டும் திரை.

முதலில் தம்பியின் கேள்வியைத்தான் தலைவர் கேட்டார். "அவர் போயிட்டா உங்களை யாரும்மா பாத்துக்குவா?"

"என் அறைச் சாவி ராவியத் அக்காகிட்ட இருக்கும்மா. அவங்க சாவி இன்னொருத்தர்கிட்ட. நான் ஒரு நாள் வேலைக்கு வரலன்னா நிலையத்துலேர்ந்து அக்காவுக்குப் போன் போவும். நோய் வந்தா நான் வார்டுக்கு வாரேன், வரமாட்டேன்னு சொல்லல. குணமானதும் வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான் கேக்கேன்."

பிறகு ராவியத் அக்கா எழுந்து, பதிலிக்குத் தகவல் பெறும் உரிமை உண்டா இல்லையா என்று கேட்டாள். டாக்டர் ஆட்சேபித்தார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. "அம்மா, இது வெறும் பதிவு இல்லை. துக்கப்படும். போன மாசம் ஒரு பதிலிக்குத் தவறுதலா ஒரு செய்தி தெரிஞ்சு, பேச்சே நின்னுபோச்சு. வேணும்னே ஒரு காயத்தை உண்டாக்கணுமா?"

தலைவர் டாக்டரின் பக்கம் திரும்பினார். "பதிலிதான் அந்த நோயாளின்னு சட்டம் சொல்லுது. சம்மதம் சொல்லும்போது மட்டும் நோயாளி, தகவல் கேக்கும்போது யந்திரமா? அப்படி இருக்க முடியாது. சொல்லுங்க. யார் சொல்றது?"

எல்லோரும் இன்னாசியைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் சொல்லுதேன்" என்றேன்.

தன் பதிலியோடு பேச யாரையும் விடுவதில்லை. அதனால் அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். என் குரல்தான், ஆனால் துடுக்காக, வாய்க்குள் சிரிப்பை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். இவ்வளவு கலகலப்பாகவா இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சொல்லுங்க" என்றது.

"அமலி, நான் சொல்லுதத முழுசாக் கேளு."

"யாரு? எங்க அத்த கொரல் மாதிரில்லா இருக்கு."

"அத்த இல்ல. நான் நீதான். நீ பேசி முடிச்சு ரொம்ப வருஷம் ஆயிட்டு. ஒனக்கு இப்ப நாப்பத்து மூணு வயசு. நீ விட்டதச் சொல்லதுக்கு வந்திருக்கேன்."

சிரித்தது. "நாப்பத்து மூணா? பல்லெல்லாம் இருக்கா?"

"இருக்கு. கேளு."

வரிசையாகச் சொன்னேன். புருஷன் திரும்பி வரவில்லை, அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. படகுக்கெல்லாம் பேட்டரி வந்துவிட்டது, அங்கே எனக்கு வேலை. இன்னாசிக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. நோய் நான்கு முறை திரும்ப வந்தது. பாறையில் போய் நின்றேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டே வந்தது. பாறைக்கு மட்டும் ம் சொல்லவில்லை.

"அப்பா திட்டியிருப்பாங்களே" என்றது. "வெளிய பெஞ்சுலதான் இருக்காங்களா? உள்ள வரச்சொல்லு."

என் கையை ராவியத் அக்கா பிடித்துக்கொண்டாள். மெழுகிச் சொல்லக்கூடாது.

"அப்பா எறந்துட்டாங்க அமலி. ஒம்பது வருஷம் ஆச்சு. நெஞ்சு வலி. பெரிய ஆஸ்பத்திரியில வச்சு."

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. பிறகு குரல் படபடவென்று வந்தது. "சட்டியெல்லாம் கழுவணும். ஆளுக வருவாங்க. பெரிய சட்டி மேல இருக்கு, அத எறக்கணும், அடி கருப்பா இருக்கு, அதத் தேக்கணும், எல்லாத்தையும் தேக்கணும், ஆளுக வந்துருவாங்க..."

டாக்டர் திரையைக் காட்டி எழுந்தார். "நிறுத்துங்க, நிலை கெட்டுட்டு இருக்கு!"

"இருங்க சார்" என்றேன். எனக்குத் தெரியாததா இது. மேசைமேல் சாய்ந்து, மெதுவாக, கூட்டத்தில் என்னிடம் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினேன். "சட்டி கெடக்கட்டும் அமலி. ஆளுக வந்துட்டுப் போயிட்டாங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காரு. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அடங்கியது. அடங்கிய பிறகுதான் அழுதது. நான் அழும் சத்தத்தை நானே வெளியிலிருந்து கேட்டேன். அந்தச் சத்தத்துக்கு நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

"அடக்கத்துக்கு நான் போனேனா?" என்று கேட்டது.

"இல்ல. வார்டுல இருந்தோம். நமக்கு யாரும் சொல்லல."

"யாரு சொல்லல?"

இன்னாசி நாற்காலியில் அசைந்த சத்தம் கேட்டது.

"இன்னாசி அங்கன இருக்கானா?"

"இருக்கேங்க்கா" என்றான். சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ஏல, அப்பா என்னயக் கேட்டாங்களா?"

ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்டதில்லை. என்ன பதில் வரும் என்ற பயம்தான். இன்னாசி என்னைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், தப்பிக்க இடமில்லை என்று தெரிந்ததும் கைகளைக் கோத்துக்கொண்டான்.

"கேட்டாங்க. கண்ணத் தொறந்தாலே, அமலி எங்கன்னுதான் கேட்டாங்க." கோத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னான். "நீ மறுபடி வார்டுக்குப் போனது அப்பாவுக்குத் தெரியாது. அப்ப அவங்க அத்த வீட்டுல இருந்தாங்க. சொன்னா தாங்க மாட்டாங்கன்னு... நீ மும்பைக்கு வேலைக்குப் போயிட்டன்னு சொல்லிட்டோம்."

என்னிடம் மறைத்தது தெரியும். அவரிடமும் மறைத்தது தெரியாது.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாங்க?" என்றது பதிலி.

"போயிச் சேந்ததும் ஒரு போன்கூடப் போடலியே அமலின்னாங்க. அதுக்குப் பெறவு கேக்கல."

ராவியத் அக்கா என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் அழுத்தி வலித்தது. அப்பா என்மேல் வருத்தத்தோடு போயிருக்கிறார். நான் ஒரு தெரு தள்ளி வார்டில், உயிரோடு, அப்பா நன்றாக இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறேன். தாங்கமாட்டோம் என்று இரண்டு பேருக்கும் முடிவு செய்தவன் எதிரே உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் அதைத் தனியாக ஒன்பது வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று அப்போது தோன்றியது. கோபம் குறையவில்லை. ஆனாலும் தோன்றியது.

தலைவர் பதிலியிடம் கேட்டார். "அம்மா, உங்களை அமைதி வளாகத்துல சேக்கணும்னு தம்பி விரும்புறாரு. சம்மதமா?"

"அப்பா இல்லியே, நான் யாரக் கேக்க?" என்றது. கொஞ்சம் பொறுத்து, "அங்கன இருக்காள்லா, அவகிட்ட கேளுங்க. எனக்கு உள்ளதச் சொன்னது அவ ஒருத்திதான். இனி அவ சொல்லுததுதான் நான் சொல்லுதது."

டாக்டர் சங்கடமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சொல்லாம இருக்க முடியலை. நிலை எல்லையைத் தாண்டியிருக்கு. இந்த நிலையில சொன்ன பதில் செல்லாதுன்னு மனுதாரர் கோரலாம். அப்படிக் கோரினா, பதிலியை இன்னைக்குக் காலையில உள்ள நகலுக்குத் திருப்பிடலாம். விதியில இருக்கு. இப்ப கேட்டது எதுவும் அதுக்கு ஞாபகம் இருக்காது. கஷ்டமும் இருக்காது."

"திருப்பினா?" என்று கேட்டார் தலைவர்.

"அப்பா வெளியே இருக்கார்ங்கிற நினைப்புல இருக்கும்."

"அப்பறம் மறுபடியும் சொல்லணும்" என்றாள் ராவியத் அக்கா. "நூறு தடவ திருப்புனாலும் நூறு தடவையும் சொல்லணும். சொல்லாம வாங்குற சம்மதம் செல்லாது. இந்தத் தடவ மனுதாரரே சொல்லட்டும்."

தலைவர் தலையாட்டினார். இன்னாசியின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் முடிவு சொல்லணும். திருப்பச் சொல்றீங்களா?"

அவன் சரி என்றால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை பழைய சம்மதத்தின்படி நான் வளாகத்தில் இருக்க வேண்டியிருக்கும். எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். நான் அவனிடம் கெஞ்சவில்லை. நேராக அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், எத்தனை தடவையானாலும் நான் மறுபடி வந்து சொல்வேன், அது அவனுக்கு என் முகத்தில் தெரியட்டும் என்று இருந்தேன்.

இன்னாசி எழுந்து நின்றான்.

"வேண்டாம்மா" என்றான். "ஒரு தடவ சொல்லிட்டேன். இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது."

"அப்படின்னா மனு?"

"எடுத்துக்கிடுதேன்."

தலைவர் ஏதோ எழுதினார். பதிலி சொன்னபடி இனி அமலோற்பவத்தின் சம்மதத்தை அமலோற்பவத்திடமே கேட்க வேண்டும் என்று படித்துக் காட்டினார். ராவியத் அக்கா பிரதி வேண்டும் என்றாள். எல்லாம் சீக்கிரமாக முடிந்தது. தலைவர் போனார். அடுத்த வழக்கின் ஆட்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஒலிபெருக்கியை அணைக்கக் கையை நீட்டினார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்" என்றேன். "இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. தனியா விட்டுட்டுப் போகக்கூடாது."

அவர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார், வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைசி நாளில் அப்பா என்ன சாப்பிட்டார் என்று அது கேட்டது. எனக்கும் தெரியாது. வாசல்வரை போயிருந்த இன்னாசி திரும்பி வந்து, எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினான்.